ஊழியஞ்செய்யும்படி: வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சேவை பற்றி ஒரு மதிப்புரை

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிகிச்சைத் தரம், அதைச் சுற்றியுள்ள லாட்ஜுகளின் வாடகை, காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டிய தொகை ஆகியவற்றைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் தேவையானவற்றை நானும் சொல்கிறேன். ஆனால் இந்த மதிப்புரையில் நான் முதன்மையாக எடைபோட விரும்புவது வேறொன்று. மாற்கு சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில், மனுஷகுமாரன் ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்யவே வந்தார் என்று வருகிற வசனத்தைத் தன் குறிக்கோளாக வைத்துக்கொண்டிருக்கும் நிறுவனம் அது. அப்படிப்பட்ட வார்த்தையைத் தனக்குரியதாக்கிக்கொண்ட ஓர் இடத்தை அந்த வார்த்தையைக் கொண்டே அளக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தன்னலமற்ற அன்பு, தூய நோக்கம் என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கங்களில் நாம் கேட்பவை, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகளும் நாள்தோறும் ஏறத்தாழ 10,000 வெளிநோயாளிகளும் உள்ள ஒரு மருத்துவமனையில் என்ன உருவம் எடுக்கின்றன?

படியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்ட என் பெரியம்மாவை அங்கே சேர்த்து, பின்னர் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் உள்ள அதன் மறுவாழ்வு மையத்திலும் அவருடன் தங்கியிருந்தேன். இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி இல்லை. அத்தகைய நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் எலும்பு அழுத்தும் இடங்களில் தோல் செத்துப் படுக்கைப்புண் வந்துவிடும். இது எல்லா மருத்துவமனைகளுக்கும் தெரிந்த விதி. இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. வார்டில் இரவுப்பணியில் இருந்த சிஸ்டர் ஒருவர், விளக்கை முழுவதும் போடாமல், தம் டார்ச்சைத் தலையணைக்குக் கீழே பாதி மறைத்து வைத்துக்கொண்டு, முதலில் பெரியம்மாவின் தோளைத் தொட்டு எழுப்பி, "அம்மா, இப்போது காலைத் தொடுகிறேன்" என்று சொல்லிவிட்டே காலைத் தூக்குவார். தொடுவது பெரியம்மாவுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் சொன்னார். பக்கம் மாற்றிய பிறகு குதிகால், இடுப்பெலும்பு, வால் எலும்பு ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விரிப்பில் இருக்கும் மடிப்புகளை உள்ளங்கையால் நீவி எடுப்பார். உணர்ச்சியற்ற உடம்புக்கு ஒரு சிறு மடிப்பும் புண்ணாகலாம் என்பதால் அவர் அதைச் செய்தார். ஒருநாள் பெரியம்மா, "உனக்கு இடுப்பு வலிக்காதா தாயி?" என்று கேட்டதற்கு, "வலித்தால் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வேன் அம்மா, நீங்கள் தூங்குங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

பெற்றுக்கொள்பவரால் உணரவும் முடியாத ஒரு பணிவிடையை, பார்ப்பதற்கு ஆளில்லாத நேரத்தில், குறையின்றிச் செய்வது என்பதை அன்று கண்ணெதிரே கண்டேன். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதற்கு இதைவிட நேரான விளக்கத்தை நான் எந்த ஆராதனையிலும் கேட்டதில்லை.

ஆனால் நல்ல மனமுள்ள ஒரு சிஸ்டர் எந்த மருத்துவமனையிலும் இருப்பார். அவரை வைத்து ஒரு நிறுவனத்துக்குச் சான்றிதழ் கொடுப்பது சரியாகாது. வேலூரில் எனக்கு முக்கியமாகப் பட்டது, அன்பைத் தனி மனிதரின் நல்லெண்ணத்திடம் மட்டும் ஒப்படைத்துவிடாமல், நிறுவனத்தின் ஏற்பாட்டிலேயே அதற்கு இடம் செய்து வைத்திருப்பதுதான். இங்குள்ள மருத்துவர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட சம்பளம் உண்டு. வெளியே தனியாக நோயாளிகளைப் பார்க்க அவர்களுக்கு அனுமதி இல்லை. நமக்கு ஸ்கேன் எழுதுவதாலோ அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதாலோ எழுதுகிறவருடைய பையில் ஒரு ரூபாயும் கூடுவதில்லை. ஆகவே "இந்தப் பரிசோதனை வேண்டாம்" என்று ஒரு மருத்துவர் சொல்லும்போதும், "இது கட்டாயம் வேண்டும்" என்று சொல்லும்போதும், இரண்டையும் ஒரே மனதோடு ஏற்றுக்கொள்ள முடிகிறது. நோயாளியின் குடும்பத்துக்கு இதனால் கிடைக்கும் நிம்மதியைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. படுக்கையருகே உட்கார்ந்திருப்பவரின் பாதிச் சுமை, யார் தன்னிடம் எதற்காக என்ன சொல்கிறார்கள் என்ற சந்தேகத்தைச் சுமப்பதுதான்.

அன்பு "தற்பொழிவை நாடாது" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். தனக்கு ஆதாயம் தேடாத மனத்தை உண்டாக்குவது கடவுளின் கிருபை. அந்த மனம் நாள்தோறும் சோதிக்கப்படாமலிருக்கும்படி ஆதாயத்தின் வழிகளை அடைத்து வைப்பது மனிதர் செய்யக்கூடியது. நம்முடைய சபைகளும் நிறுவனங்களும் முன்னதற்காக ஜெபிக்கிற அளவுக்குப் பின்னதைப் பற்றி யோசிப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். காணிக்கைக் கணக்கை ஒரே ஆளிடம் விட்டுவிட்டு அவருடைய நேர்மைக்காக முழங்கால்படியிட்டு ஜெபிக்கிறோம். கணக்கைப் பார்க்க இன்னொருவரை நியமிப்பதும் அந்த மனிதர்மேல் காட்டும் அன்புதான்.

இந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் பழக்கமானது. ஆனால் நோக்கத்தின் தூய்மை என்ற கோணத்தில் அதை மறுபடி வாசிக்க வேண்டும். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணப் பகுதியில் மருத்துவ ஊழியம் செய்தவர்; தகப்பனாரும் மருத்துவர். 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடாவுக்கோ மிஷனரி வாழ்க்கையில் விருப்பமில்லை. நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனத்துக்கு வந்தபோதும், அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய்விட வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் வேறொரு உயர்சாதி இந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியருக்கு உதவும்படி அவரைத் தேடி வந்தார்கள். என் தகப்பனார் மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு அவர்கள் இசையவில்லை. மறுநாள் விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அவர் மருத்துவம் படிக்கப் போனார். 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900-இன் தொடக்கத்தில் திரும்பி வந்து, வேலூரில் ஒரு படுக்கையோடு வேலையைத் தொடங்கினார். 1902-இல் ஷெல் மருத்துவமனையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தன.

இந்தக் கதையில் என்னைத் தொடுவது, அழைப்பு வந்தபோது ஐடா தம் உள்ளத்தை ஆராய்ந்து, தம் நோக்கம் தூயதென்று உறுதிசெய்துகொண்டு புறப்படவில்லை என்பது. மூன்று பெண்களின் தேவை அவர் மனத்தில் இடம் பிடித்துக்கொண்டது. அவருடைய சொந்தத் திட்டங்களுக்கு அங்கே இடம் இல்லாமல் போயிற்று. தன் நோக்கம் சுத்தமா என்று தன்னையே பார்த்துக்கொண்டிருப்பவர் பார்ப்பதும் தன்னைத்தானே. மத்தேயு சுவிசேஷத்தின் 25-ஆம் அதிகாரத்தில் நீதிமான்கள், "ஆண்டவரே, நாங்கள் எப்போது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டு போஷித்தோம்?" என்ற பொருளில் வியப்போடு கேட்கிறார்கள். தாங்கள் செய்ததை அவர்கள் கணக்கில் வைத்திருக்கவில்லை. நோக்கத்தின் தூய்மைக்கு வேதாகமம் காட்டும் அடையாளங்களில் இந்த மறதியை நான் முதலில் வைப்பேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய கண் முகாமை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மூக்குக்கண்ணாடி வாங்கிக்கொண்டு நகர்ந்த ஒரு பாட்டியைத் திரும்ப அழைத்து, படம் சரியாக விழவில்லை என்று சொல்லி, போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, மறுபடியும் விருந்தினர் கையால் வாங்கச் செய்தார்கள். பாட்டி சிரிக்கவில்லை என்பதற்காக மூன்றாம் முறையும் எடுத்தார்கள். கண்ணாடி நல்ல கண்ணாடிதான், பாட்டிக்குப் பயன்பட்டிருக்கும். தனக்கு உண்டான யாவற்றையும் அன்னதானம் பண்ணினாலும் அன்பில்லாவிட்டால் தனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்று பவுல் சொல்லும்போது, பெறுகிறவருக்குப் பயனில்லை என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சோறு சோறுதான், பசி ஆறும். கொடுத்தவர்தான் வெறுங்கையோடு போகிறார்.

வேலூரில் உதவி கொடுக்கப்படும் விதம் வேறாக இருந்தது. கட்டணம் குறைந்த பொதுப்பிரிவு, கட்டணம் கூடிய தனிப்பிரிவு என்று இரண்டு வகை உண்டு. தனிப்பிரிவில் வருகிறவர்கள் கொடுப்பது பொதுப்பிரிவில் வருகிறவர்களைத் தாங்குகிறது. அதிலும் முடியாதவர்களுக்கு, பல நாடுகளில் உள்ள தனி மனிதர்கள் அனுப்பும் நன்கொடையிலிருந்து உதவும் திட்டம் இருக்கிறது. எங்கள் எதிர்ப் படுக்கையில் இருந்த குடும்பத்துக்குக் கட்டணத்தில் பெரும்பகுதி குறைக்கப்பட்டது. சமூகப்பணியாளர் அந்த நோயாளியின் மகனைத் தம் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வார்டில் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசப்படவில்லை. அந்தப் பையனே மாலையில் டீக்கடையில் சொன்னதால்தான் எனக்குத் தெரியும். மறுநாள் காலை மருத்துவர் குழு வந்தபோது, முழுத்தொகை கட்டியவரின் படுக்கையருகே நின்ற நேரத்துக்குக் குறையாமல் அந்தப் படுக்கையருகேயும் நின்றது.

ஆனாலும் இது இலவச மருத்துவமனை என்று எண்ணிக்கொண்டு யாரும் புறப்பட வேண்டாம். செலவு உண்டு, நீண்ட சிகிச்சையானால் நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரிய செலவுதான். இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது. உள்ளே பணம் கட்டுவதற்கு 'கிறிஸ் கார்டு' என்ற முன்பண அட்டை இருக்கிறது. முதல் நாளே அதை வாங்கிவிட்டால் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் நிற்க வேண்டியதில்லை. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்கள் மிகுதி என்பதால், எதிர்த் தெருக்களில் வங்காள எழுத்தில் பலகை வைத்த உணவகங்களையும் மருந்துக் கடைகளையும் பார்க்கலாம். இத்தனை கூட்டத்தில் காத்திருத்தல் தவிர்க்க முடியாதது. சாதாரணக் காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் உள்ளூரில் நல்ல மருத்துவர் இருக்கும்போது இவ்வளவு தூரம் வருவது, உண்மையிலேயே வேறு வழியில்லாத ஒருவருடைய இடத்தை அடைத்துக்கொள்வதாகும் என்பதையும் சொல்ல வேண்டும்.

வேலூர் நகரத்து ஏழைகளுக்கென்றே குறைந்த செலவில் நல்ல சிகிச்சை தரும் ஒரு பிரிவும், பாகாயத்தில் கிராம மக்களுக்கான சமுதாய மருத்துவமனையும், கே.வி.குப்பத்தில் 1977-இல் தொடங்கிய ஊரக நலப் பணியும் இருக்கின்றன. வெளியூர்க்காரர்களின் மதிப்புரைகளில் இவை வருவதேயில்லை, ஏனென்றால் அவை வெளியூர்க்காரர்களுக்கானவை அல்ல. விருந்து பண்ணும்போது உனக்குப் பதில் செய்யக்கூடியவர்களை அழைக்காதே, ஏழைகளையும் ஊனரையும் அழை, அவர்கள் உனக்குப் பதில் செய்யமாட்டார்கள் என்று லூக்கா சுவிசேஷத்தில் இயேசு சொல்வது, ஒரு மருத்துவமனையின் வரவுசெலவுக் கணக்கில் இப்படித்தான் தெரியும்.

பாகாயத்து மறுவாழ்வு மையத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதைத் தோற்றுவித்த மேரி வர்கீஸ் இங்கே மருத்துவராக இருந்தவர். 1954-இல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இரு கால்களும் செயலிழந்தன. தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த பால் பிராண்ட் அவரை ஊக்கப்படுத்தினார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மேரி அந்த அறுவை சிகிச்சைகளைச் செய்யத் தொடங்கினார். பின்பு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து அத்துறையை இங்கே வளர்த்தார். 1966-இல் இந்த மையம் திறக்கப்பட்டது. "எழுந்து உட்காருங்கள்" என்று தம் நோயாளியிடம் சொன்னவர் தாமும் உட்கார்ந்திருந்தவர் என்பது அந்த இடத்தின் இயல்பை இன்றும் தீர்மானிக்கிறது. யாரும் பெரியம்மாவைப் பார்த்து உச்சுக்கொட்டவில்லை. படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்குப் பலகையின்மேல் நகர்ந்து மாறுவதற்கு, தோள்களுக்கு வலு வரும்வரை, அவரை மீண்டும் மீண்டும் செய்யச் சொன்னார்கள். ஒரு தெரபிஸ்ட் கையை நீட்டியபடி ஒரு சாண் தூரத்தில் நின்றார், ஆனால் தொடவில்லை. நான் உதவப் போனபோது என்னைத் தடுத்தார். "நீங்கள் தூக்கினால் உங்களுக்கு மனது ஆறும், அம்மாவுக்குக் கை பழகாது" என்றார். கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் இரக்கத்தில் எவ்வளவு பங்கு நம்முடைய மன ஆறுதலுக்கானது என்று எனக்குக் காட்டிய சொல் அது.

பால் பிராண்டின் அனுபவமும் இதையே சொல்கிறது. தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் அழுகி விழுவதாக உலகம் எண்ணிக்கொண்டிருந்தபோது, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே காரணம் என்பதை அவர் வேலூரில் கண்டறிந்தார். இரவில் தூங்கும்போது சிலருடைய விரல்களை எலிகள் கடித்துவிடுகின்றன என்று தெரிந்ததும் நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்தனுப்பினார்கள். கை சரியாக்கப்பட்டு ஊருக்குப் போன சிலர் திரும்பி வந்து, இந்தக் கைகளைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லை, தொழுநோய் வந்தவன் என்று யாரும் வேலையும் கொடுப்பதில்லை என்றார்கள். அறுவை சிகிச்சை வெற்றி என்ற அளவில் நிறுத்திக்கொண்டிருக்கலாம். அங்கே நிறுத்தாமல், தொழில் கற்றுக்கொடுக்க ஒரு குடியிருப்பை அமைத்து, மரப் பொம்மைகள் செய்யப் பழக்கினார்கள். தன் திறமையை நேசிப்பவருக்கு முதல் கட்டத்தில் வேலை முடிந்துவிடுகிறது. அந்த மனிதனை நேசிப்பவருக்கோ அவன் மாலையில் எங்கே சாப்பிடுவான் என்பதுவரை வேலை இருக்கிறது.

ஜெபத்தைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். குறிப்பாக வேற்று மதத்தைச் சேர்ந்த குடும்பங்களுக்கு இந்தக் கவலை இருக்கலாம். மருத்துவமனைக்குள்ளேயே ஜெபாலயம் இருக்கிறது. போதகர்கள் வார்டுகளுக்கு வருகிறார்கள். நான் இருந்த வார்டில் வந்தவர், ஒவ்வொரு படுக்கையிலும் நலம் விசாரித்துவிட்டு, "ஜெபிக்கலாமா?" என்று கேட்டார். பக்கத்துப் படுக்கையில் இருந்த ஒரு முஸ்லிம் பெரியவரின் குடும்பத்தார் நன்றி சொல்லி வேண்டாம் என்றார்கள். அவர் தலையசைத்துவிட்டு, அந்தப் பெரியவரின் பேரன் எழுதவிருந்த பரீட்சையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த முறை வந்தபோது மறுபடி ஜெபத்தைப் பற்றிக் கேட்காமல் பரீட்சை எப்படி எழுதினான் என்று கேட்டார். இதை ஒரு கிறிஸ்தவனாக மிக முக்கியமாகக் கருதுகிறேன். குணமாக்குதலுக்கு விலையாக விசுவாசத்தை எதிர்பார்த்தால், பணத்தை எதிர்பார்ப்பதைவிட அது நுட்பமான வியாபாரமாகிவிடும். குணமான பத்துத் தொழுநோயாளிகளில் ஒருவன்தான் திரும்பி வந்து நன்றி சொன்னான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு வருத்தத்தோடு கேட்டார். ஆனால் அவர்களுடைய சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பெரியம்மாவின் கால்களுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. திரும்பும் என்று அங்கே யாரும் பொய் நம்பிக்கை கொடுக்கவும் இல்லை. இப்போது அவர் தாமாகவே நாற்காலிக்கு மாறிக்கொள்கிறார், அரிவாள்மனைக்குப் பதிலாக மேசைமேல் பலகை வைத்துக் காய் நறுக்குகிறார், படுக்கைப்புண் ஒன்றுகூட வரவில்லை. சேவையின் பயனுக்கு இதைவிடக் கூடுதலாக நான் எதுவும் கேட்கமாட்டேன்.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் குடும்பங்கள், காலம் கடந்துவிட்டது என்று எண்ணாமல் பாகாயத்துக்கு ஒருமுறை எழுதிக் கேளுங்கள். போகும்போது, நோயாளியோடு தங்கப்போகிறவர் யார் என்பதை முதலிலேயே வீட்டில் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். தூக்குவது, திருப்புவது, தோலைப் பார்ப்பது எல்லாவற்றையும் அவருக்கும் சேர்த்தே கற்றுக்கொடுக்கிறார்கள். பணமாக உதவ விரும்புகிறவர்கள், ஏழை நோயாளிகளுக்கான நிதிக்கு மருத்துவமனை அலுவலகத்தில் நேரடியாகச் செலுத்தலாம்.